சேன்சுக்ட் (இசைத்தொகுப்பு)

சேன்சுக்ட் என்பது ஜெர்மனியைச் சேர்ந்த ராம்ஸ்டைன் என்னும் இண்டஸ்ட்ரியல் மெட்டல் இசைக்குழுவின் இரண்டாவது இசைத்தொகுப்பு ஆகும். இது ஆகஸ்ட் 1997இல் ஜெர்மனியில் மோட்டார் மியூசிக் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் சுலாஷ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. ஜெர்மன் மொழியில் "சேன்சுக்ட்" என்பதற்கு ஏக்கம், தீராத வேட்கை என்று பொருள் கொள்ளலாம்.

இத்தொகுப்பு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 45ஆம் இடம் வரை சென்றது. பின்னர் அங்கு பத்து இலட்சம் படிகளுக்கு வழங்கப்படும் பிளாட்டினச் சான்றிதழையும் பெற்றது. ஆங்கிலம் அல்லாத மொழியில் பாடும் ஐரோப்பிய மெட்டல் குழு ஒன்று அமெரிக்கச் சந்தையில் இந்த அளவுக்கு இடம் பிடிப்பது அரிதான நிகழ்வாகும். "எங்கெல்", "டூ ஹாஸ்ட்" ஆகிய இரண்டும் இத்தொகுப்பில் உள்ள புகழ்பெற்ற பாடல்கள்.

தொகுப்பு விவரம்

கலைஞர்: ராம்ஸ்டைன்
வெளியீடு: ஆகஸ்ட் 1997
ஒலிப்பதிவுக்கூடம்: டெம்பிள் ஸ்டுடியோஸ், மால்டா
இசைவகை: இண்டஸ்ட்ரியல் மெட்டல், நோயெ டொய்ச்செ ஹார்ட்டெ
மொழி: ஜெர்மன்
நீளம்: ஏறத்தாழ 44 நிமிடங்கள்
பாடல்கள்: 11
தயாரிப்பு: யாக்கோப் ஹெல்னர், ராம்ஸ்டைன்
முந்தைய தொகுப்பு: ஹெர்ட்செலைட் (1995)
அடுத்த தொகுப்பு: முட்டர் (2001)

பெயர்

"சேன்சுக்ட்" ஒரு கூட்டுச்சொல். இதன் முற்பகுதி ஏங்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. பிற்பகுதியான "சுக்ட்" என்பது இன்றைய ஜெர்மன் மொழியில் போதைப்பொருள், மது முதலியவற்றுக்கு அடிமையாதலைக் குறிக்கும். பழைய வழக்கில் அது நோய் என்ற பொருளில் வழங்கியது. தேடுதல் என்னும் பொருள் தரும் ஜெர்மன் வினையோடு இதனைத் தொடர்புபடுத்துவோர் உண்டு. ஆனால் சொற்பிறப்பின்படி நோயுற்றிருத்தல் என்பதே இதன் வேர். ஆகவே இச்சொல்லை "ஏக்கநோய்" என்று பிரித்துக் காட்டலாம். தமிழில் "ஏக்கம்" என்பதே இதற்கு நெருங்கிய சொல்லாக இருப்பினும், ஜெர்மன் சொல்லில் உள்ள நோயின் சாயல் அதில் முழுமையாக வருவதில்லை.

தொகுப்பின் பத்தாவது பாடலான "ஐஃபர்சுக்ட்" என்பதும் இதே ஈறு கொண்ட சொல்லாகும். அதன் பொருள் பொறாமை. முதல் பாடலின் தலைப்பும் பத்தாவது பாடலின் தலைப்பும் ஒரே "நோய்" என்ற சொல்லில் முடிகின்றன. விருப்பம் நோயாக முற்றும் நிலையே இத்தொகுப்பின் பெரும்பாலான பாடல்களுக்குப் பொருளாக அமைந்துள்ளது.

பின்னணி

ராம்ஸ்டைன் குழு 1994இல் பெர்லினில் தொடங்கப்பட்டது. இதன் உறுப்பினர்கள் ஆறு பேரும் முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்கள். கிட்டார் கலைஞர் பவுல் லாண்டர்ஸ், விசைப்பலகைக் கலைஞர் கிறிஸ்டியன் "ஃபிளாக்கே" லோரன்ஸ், டிரம்ஸ் கலைஞர் கிறிஸ்தோப் ஷ்னைடர் ஆகியோர் கிழக்கு ஜெர்மனியின் பங்க் குழுக்களில் ஒன்றான "ஃபீலிங் பி"யில் இருந்தவர்கள். பாடகர் டில் லிண்டெமன் இளமையில் நீச்சல் வீரராக இருந்தவர். கவிஞரும் குழந்தைகள் எழுத்தாளருமான வெர்னர் லிண்டெமனின் மகன் இவர். ராம்ஸ்டைனில் சேருமுன் வேறொரு குழுவில் டிரம்ஸ் வாசித்தார். ரிச்சர்ட் கிருஸ்பே முதன்மைக் கிட்டாரும் ஒலிவர் ரீடல் பேஸ் கிட்டாரும் வாசிக்கின்றனர்.

குழுவின் பெயர் ஜெர்மனியின் ராம்ஸ்டைன் நகரிலுள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்தில் 28 ஆகஸ்ட் 1988 அன்று நிகழ்ந்த வான்சாகச விபத்தை நினைவூட்டுவது. அவ்விபத்தில் 70 பேர் உயிரிழந்தனர். ஊர்ப்பெயரில் ஒரு "ம்" எழுத்தைக் கூடுதலாகச் சேர்த்துக் குழுவின் பெயர் எழுதப்படுகிறது.

குழுவினர் தொடக்கத்தில் ஆங்கிலத்திலும் பாடிப் பார்த்தனர். அக்காலத்தில் ராக் இசைக்கு ஆங்கிலமே பொருத்தமான மொழி என்ற எண்ணம் ஜெர்மனியிலும் பரவலாக இருந்தது. ஆனால் கிழக்கு ஜெர்மனியின் பள்ளிகளில் கட்டாய அயல்மொழியாகக் கற்பிக்கப்பட்டது உருசிய மொழி. பிற மொழியில் தமக்கு வேண்டிய நுட்பத்துடன் எழுத இயலாத நிலையில், லிண்டெமன் ஜெர்மன் மொழியிலேயே பாடல்களை எழுதத் தொடங்கினார்.

முதல் தொகுப்பான "ஹெர்ட்செலைட்" செப்டம்பர் 1995இல் வெளியானது. சுவீடனைச் சேர்ந்த யாக்கோப் ஹெல்னர் அதனைத் தயாரித்தார். 1997இல் வெளிவந்த "லாஸ்ட் ஹைவே" என்னும் திரைப்படத்தில் அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச் அத்தொகுப்பின் இரு பாடல்களைப் பயன்படுத்தினார். அப்படத்தின் இசைத்தட்டு வழியாகவே அமெரிக்காவில் பலருக்குக் குழுவின் பெயர் அறிமுகமாயிற்று. இவ்வாறு, உள்நாட்டில் ஓரளவு புகழும் வெளிநாட்டில் சிறு அறிமுகமும் பெற்றிருந்த நிலையில் இரண்டாவது தொகுப்பின் வேலைகள் நடைபெற்றன.

ஒலிப்பதிவு

ஒலிப்பதிவு 1996ஆம் ஆண்டின் இறுதியில் மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவின் டெம்பிள் ஸ்டுடியோஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் தொடங்கியது. முதல் தொகுப்பைத் தயாரித்த ஹெல்னரே குழுவினருடன் இணைந்து இதனையும் தயாரித்தார். பதிவான ஒலித்தடங்களைக் கலந்து இறுதி வடிவம் தரும் பணியை நெதர்லாந்தைச் சேர்ந்த ரொனால்ட் பிரென்ட் மேற்கொண்டார்.

"எங்கெல்" பாடலின் பல்லவியை "போபோ" என்ற மேடைப்பெயர் கொண்ட ஜெர்மன் பாடகி கிறிஸ்தியானே ஹெபோல்ட் பாடியுள்ளார். இவர் "போபோ இன் ஒயிட் வுடன் ஹவுசஸ்" என்ற குழுவைச் சேர்ந்தவர்.

இசை அமைப்பு

இண்டஸ்ட்ரியல் மெட்டல் என்பது ஹெவி மெட்டல் கிட்டார்களையும், இயந்திரங்களின் ஓசையை ஒத்த மின்னணு ஒலிகளையும் இணைக்கும் இசைவகை ஆகும். அமெரிக்காவின் மினிஸ்ட்ரி, இங்கிலாந்தின் காட்ஃபிளெஷ், சுலோவேனியாவின் லைபாக் முதலிய குழுக்கள் ராம்ஸ்டைனுக்கு முன்னரே இத்துறையிலும் அதன் அண்மையிலும் இயங்கின. ராம்ஸ்டைனின் இசையைக் குறிக்க "நோயெ டொய்ச்செ ஹார்ட்டெ" (புதிய ஜெர்மன் கடுமை) என்ற தனிப் பெயரை ஜெர்மன் இசை இதழ்கள் வழங்கின.

இத்தொகுப்பின் பாடல்களில் கீழ்வரும் கூறுகளைக் காணலாம்.

கிட்டார்: இரு கிட்டார்களும் வழக்கத்தைவிடத் தாழ்ந்த சுருதியில் அமைக்கப்பட்டு, ஒரே ரிஃப்பை இறுக்கமாகச் சேர்ந்து வாசிக்கின்றன. ரிஃப் என்பது திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத்தொடர். மெட்டல் இசையில் வழக்கமான நீண்ட தனி வாசிப்புகள் இங்குப் பெரும்பாலும் இல்லை.

தாளம்: டிரம்ஸ் பெரும்பாலும் நேரான நான்கு அடித் தாளத்தில் செல்கிறது. இது நடன அரங்குகளின் டெக்னோ இசைக்கும் இராணுவ அணிநடைக்கும் பொதுவான தாளம். குழுவினர் தம் இசையை "டான்ஸ்மெட்டல்" (நடன மெட்டல்) என்று அழைத்ததற்கு இதுவே காரணம்.

விசைப்பலகை: லோரன்ஸின் சிந்தசைசரும் சாம்பிளரும் பாடலின் முகப்பு இசையைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. "டூ ஹாஸ்ட்" பாடலின் தொடக்கத்தில் வரும் மின்னணுத் துடிப்பு இதற்கு எடுத்துக்காட்டு. கிட்டார்கள் அதற்குப் பின்னரே நுழைகின்றன. "எங்கெல்" பாடல் சீழ்க்கை ஒலியுடன் தொடங்குகிறது.

குரல்: லிண்டெமன் ஆழ்ந்த குரலில், பல இடங்களில் பேச்சுக்கும் பாட்டுக்கும் இடைப்பட்ட முறையில் பாடுகிறார். "ர" ஒலியை நாக்கை உருட்டி ஒலிப்பது இவரது அடையாளம். இன்றைய பொது ஜெர்மன் பேச்சில் இவ்வொலி தொண்டையில் பிறப்பது. உருட்டிய ஒலிப்பு பழைய நாடக மேடைகளையும் பழைய அரசியல் உரைகளையும் ஜெர்மானியருக்கு நினைவூட்டுவது. இக்குரல் முறை பின்னர்ச் சர்ச்சைக்கும் இடமளித்தது.

முதல் தொகுப்புடன் ஒப்பிடுகையில் இதில் மெட்டுக்கள் தெளிவாகவும், மின்னணு ஒலிகள் முன்னிறுத்தப்பட்டும் உள்ளன.

பாடல்கள்

இத்தொகுப்பின் பாடல்கள் பலவும் தன்மை ஒருமையில், அதாவது "நான்" என்று ஒருவன் பேசுவதாக அமைந்தவை. அப்பேச்சாளன் பெரும்பாலும் குற்றவாளியாகவோ, மனம் பிறழ்ந்தவனாகவோ, பாதிக்கப்பட்டவனாகவோ இருக்கிறான். பாடல்கள் அவன் செயலை நியாயப்படுத்துவதும் இல்லை, வெளிப்படையாகக் கண்டிப்பதும் இல்லை. வரிகள் குறுகியவை, எதுகையுடன் அமைந்தவை. இதனால் சிறுவர் பாடலின் எளிமையும் கொடிய பொருளும் ஒருங்கே அமைகின்றன.

1. சேன்சுக்ட் (ஏக்கம்): தலைப்புப் பாடல். தொலைதூர நிலங்களுக்கான பயண வேட்கையும் உடல் வேட்கையும் ஒன்றாகப் பேசப்படுகின்றன.

2. எங்கெல் (வானதூதர்): இறந்தபின் வானதூதர் ஆகலாம் என்ற சமய நம்பிக்கையை எடுத்துக்கொண்டு, அவ்வாறு ஆக விரும்பாத ஒருவனின் அச்சத்தைக் கூறுகிறது. வானதூதர்களின் தனிமையே அவன் மறுப்புக்குக் காரணம்.

3. டீயர் (விலங்கு): மகளிடம் முறைகேடாக நடக்கும் தந்தையைப் பற்றியது. மனிதன் என்பவன் யார் என்ற கேள்வி தலைப்பில் விடையாகிறது.

4. பெஷ்டிராஃபே மிஷ் (என்னைத் தண்டி): வழிபாட்டின் மொழியையும் வலியில் இன்பம் காணும் மனநிலையையும் இணைப்பது.

5. டூ ஹாஸ்ட்: திருமண உறுதிமொழியை அடிப்படையாகக் கொண்டது. இதன் சொல் விளையாட்டு கீழே தனியாக விளக்கப்பட்டுள்ளது.

6. பியூக் டிஷ் (குனி): பாலியல் ஆதிக்கத்தைப் பற்றியது. மேடை நிகழ்த்துதலால் மிகுந்த எதிர்ப்புக்கு உள்ளான பாடல்.

7. ஷ்பீல் மிட் மியர் (என்னுடன் விளையாடு): உடன்பிறந்தோரிடையேயான தகாத உறவைக் கூறுவது.

8. கிளவீர் (பியானோ): பூட்டிய கதவுக்குப் பின்னுள்ள பியானோவைப் பற்றிய கதைப்பாடல். அதனை வாசித்த பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பது படிப்படியாக வெளிப்படுகிறது. மெதுவாகத் தொடங்கி உச்சத்தை அடையும் அமைப்புடையது.

9. ஆல்டர் மன் (முதியவர்): நீர்ப்பரப்பையும் அதில் தெரியும் பிம்பத்தையும் கொண்டு முதுமையைப் பேசுவது. வன்முறை ஏதுமற்ற, அமைதியான பாடல்.

10. ஐஃபர்சுக்ட் (பொறாமை): பொறாமை கொண்டவனை நோக்கி, தன்னிடம் அவன் பொறாமைப்படும் ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்துக்கொள்ளுமாறு கூறும் கோரமான நகைச்சுவைப் பாடல்.

11. கியூஸ் மிஷ் (ஃபெல்ஃபிராஷ்) (என்னை முத்தமிடு): முத்தத்தால் இளவரசனாகும் தவளையின் கதையை நினைவூட்டும் தலைப்பின் கீழ் அமைந்த பாலியல் நகைச்சுவைப் பாடல். அடைப்புக்குள் உள்ள சொல்லுக்கு "மயிர்த்தவளை" என்று பொருள்.

சில பதிப்புகளில் "எங்கெல்", "டூ ஹாஸ்ட்" ஆகிய பாடல்களின் ஆங்கில வடிவங்களும் சேர்க்கப்பட்டுள்ளன.

"டூ ஹாஸ்ட்" பாடலின் சிலேடை

ஒரு சொல் அல்லது தொடர் இரு பொருள்பட நிற்பதைத் தமிழ் அணியிலக்கணம் சிலேடை என்கிறது. "டூ ஹாஸ்ட்" பாடல் முழுவதும் அத்தகைய ஒரு சிலேடையின் மீது அமைந்தது. "டூ" என்பது "நீ". "ஹாஸ்ட்" என்று ஒலிக்கும் வினைகள் ஜெர்மனில் இரண்டு உண்டு. ஒன்று "கொண்டிருக்கிறாய்" என்ற பொருளுடையது. இது இறந்தகாலம் காட்டும் துணைவினையாகவும் வரும். மற்றொன்று "வெறுக்கிறாய்" என்ற பொருளுடையது. எழுத்தில் இவ்விரண்டும் வேறுபடும். ஒலியில் வேறுபாடு இல்லை.

ஜெர்மன் வாக்கியத்தில் துணைவினை முன்னரும் முதன்மை வினை வாக்கிய இறுதியிலும் வரும். ஆகவே "நீ என்னை" என்ற அளவில் பாடகர் நிறுத்தும்போது, கேட்பவர் "நீ என்னை வெறுக்கிறாய்" என்று பொருள் கொள்கிறார். பாடல் அத்தொடரைப் பலமுறை இவ்வாறே குறையாக நிறுத்திவிட்டு, பின்னர் இறுதி வினையைச் சேர்க்கிறது. அப்போதுதான் அது "நீ என்னைக் கேட்டாய்" என்ற இயல்பான வாக்கியம் என்பது தெரிய வருகிறது. கேட்கப்பட்டதோ திருமண உறுதிமொழி. வாழ்நாள் முழுவதும் உண்மையாக இருப்பாயா என்ற கேள்விக்கு மரபுப்படி "ஆம்" என்று விடை வர வேண்டிய இடத்தில், பாடல் "இல்லை" என்கிறது. இதே பகுதியில், மரணம் "பிரிக்கும்" வரை என்ற மரபுத் தொடரின் வினை, பெண்ணுறுப்பைக் குறிக்கும் ஒத்த ஒலியுடைய பெயர்ச்சொல்லாக ஒருமுறை மாற்றப்பட்டு, மற்றொரு சிலேடை அமைகிறது.

ஆங்கிலத்தில் "கொண்டிருத்தல்", "வெறுத்தல்" என்னும் வினைகளுக்கு ஒரே ஒலி இல்லை. எனவே ஆங்கில வடிவத்தில் "நீ வெறுக்கிறாய்" என்ற பொருள் மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. இதன் விளைவாக, ஆங்கில வடிவம் வழியாகப் பாடலை அறிந்தவர்கள் அதனை வெறுப்பைப் பற்றிய பாடலாகவே புரிந்துகொண்டனர். மூலத்தில் வெறுப்பு என்பது கேட்பவரின் காதில் மட்டும் தோன்றி மறையும் ஐயம். வாக்கியம் நிறைவுற்றதும் அது இலக்கணப்படி நீங்கிவிடுகிறது. ஆனால் மனத்தில் நிற்கிறது. மொழிபெயர்ப்பில் இந்த ஐயத்துக்கு இடமில்லை.

வானொலிகளிலும் மேடைகளிலும் நிலைபெற்றது ஆங்கில வடிவம் அன்று, ஜெர்மன் மூலமே என்பது குறிப்பிடத்தக்கது.

தனிப்பாடல்கள்

தொகுப்பு வெளிவருவதற்கு முன்னரே இரு பாடல்கள் தனியாக வெளியிடப்பட்டன.

"எங்கெல்" ஏப்ரல் 1997இல் வெளியாகி ஜெர்மன் தனிப்பாடல் பட்டியலில் 3ஆம் இடம் பெற்றது. சில வாரங்களிலேயே 2.5 இலட்சம் படிகளுக்கான தங்கச் சான்றிதழையும் பெற்றது. இதன் காணொளி, 1996இல் வெளியான "ஃபிரம் டஸ்க் டில் டான்" திரைப்படத்தில் வரும் மதுக்கூட நடனக் காட்சியைத் தழுவி எடுக்கப்பட்டது.

"டூ ஹாஸ்ட்" சூலை 1997இல் வெளியாகி ஜெர்மனியில் 5ஆம் இடம் பெற்றது. இதன் காணொளியை பிலிப் ஷ்டோல்ட்சல் இயக்கினார். குவென்டின் டரான்டினோவின் "ரிசர்வாயர் டாக்ஸ்" திரைப்படத்தின் சாயல் இதில் உண்டு. 1999இல் வெளியான "தி மேட்ரிக்ஸ்" திரைப்படத்தின் இசைத்தட்டில் இப்பாடல் சேர்க்கப்பட்டதால் மெட்டல் இசை கேளாதவர்களிடமும் அறிமுகமானது.

இவற்றுக்குப் பின் 1997ஆம் ஆண்டின் இறுதியில், கிராஃப்ட்வெர்க் குழுவின் "டாஸ் மொடெல்" பாடலை ராம்ஸ்டைன் தன் பாணியில் பாடித் தனிப்பாடலாக வெளியிட்டது. இது சேன்சுக்ட் தொகுப்பில் இடம்பெறவில்லை.

அட்டைப்படம்

அட்டைப்படங்களை ஆஸ்திரியாவில் பிறந்த ஓவியரும் ஒளிப்படக் கலைஞருமான காட்ஃபிரீட் ஹெல்ன்வைன் உருவாக்கினார். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாக ஆறு முகப்புப் படங்கள் உள்ளன. மூடிய கண்களும் வெளிறிய தோலும் கொண்ட முகங்களில் உலோகக் கருவிகள் பொருத்தப்பட்டுள்ளன. அவை மருத்துவக் கருவிகளா, வதைக் கருவிகளா என்று உறுதியாகக் கூற இயலாதபடி அமைந்துள்ளன. கட்டுப்போட்ட, காயம்பட்ட முகங்கள் ஹெல்ன்வைனின் ஓவியங்களில் நெடுங்காலமாக வரும் பொருளாகும். ஸ்கார்பியன்ஸ் குழுவின் "பிளாக்அவுட்" (1982) தொகுப்பின் அட்டையில், கண்களின் மேல் முட்கரண்டிகள் பதிந்த முகமும் இவரது படைப்பே.

வெளியீடும் வரவேற்பும்

ஜெர்மனியில் வெளியான சில நாட்களிலேயே தொகுப்பு முதலிடம் பெற்றது. அமெரிக்காவில் வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1998ஆம் ஆண்டு முழுவதும் "டூ ஹாஸ்ட்" ராக் வானொலிகளிலும் எம்டிவியிலும் ஒலிபரப்பாகியது. அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் கார்ன் குழு தலைமையேற்ற "ஃபேமிலி வேல்யூஸ்" சுற்றுப்பயணத்தில் ராம்ஸ்டைன் பங்கேற்றது. லிம்ப் பிஸ்கிட், ஐஸ் கியூப், ஆர்ஜி ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். பெரும்பாலான பார்வையாளர்களுக்கு ஜெர்மன் தெரியாது. ஆயினும் அவர்கள் பாடலைச் சேர்ந்து பாடும் நிலை ஏற்பட்டது.

1999ஆம் ஆண்டு நடைபெற்ற 41ஆவது கிராமி விருதுகளில் "டூ ஹாஸ்ட்" சிறந்த மெட்டல் நிகழ்த்துதலுக்கான பிரிவில் பரிந்துரைக்கப்பட்டது. அவ்விருது மெட்டாலிகா குழுவுக்குக் கிடைத்தது. முழுவதும் ஜெர்மன் மொழியில் அமைந்த தொகுப்புகளில் அமெரிக்காவின் பிளாட்டினச் சான்றிதழைப் பெற்ற ஒரே தொகுப்பு சேன்சுக்ட் என்று குறிப்பிடப்படுவதுண்டு.

மேடை நிகழ்ச்சிகள்

ராம்ஸ்டைன் நிகழ்ச்சிகளில் தீ ஒரு முதன்மைக் கூறாகும். 1996இல் பெர்லின் நிகழ்ச்சி ஒன்றில் மேடை அமைப்பின் எரியும் பகுதி சரிந்து விழுந்தது. அதன்பின் வெடிப்பொருட்களைக் கையாளுவதற்கான முறையான உரிமத்தை லிண்டெமன் பெற்றார். "டூ ஹாஸ்ட்" பாடலின்போது பார்வையாளர்களின் தலைக்கு மேல் வாணங்கள் பாய்வதும், பிற்காலச் சுற்றுப்பயணங்களில் "எங்கெல்" பாடலின்போது லிண்டெமன் தீ உமிழும் உலோகச் சிறகுகளை அணிவதும் பரவலாக அறியப்பட்டவை.

ஆகஸ்ட் 1998இல் பெர்லினின் வூல்ஹைடெ திறந்தவெளி அரங்கில் இரு நாட்கள் நடைபெற்ற நிகழ்ச்சிகள் பதிவு செய்யப்பட்டு, 1999இல் "லைவ் ஆவுஸ் பெர்லின்" என்ற பெயரில் வெளியாயின. அதன் பொதுப் பதிப்பிலிருந்து "பியூக் டிஷ்" பாடலின் காட்சி நீக்கப்பட்டது.

சர்ச்சைகள்

தீவிர வலதுசாரிச் சாயல் பற்றிய குற்றச்சாட்டு: உருட்டிய "ர" ஒலி, அணிநடைத் தாளம், கட்டுடல் படங்கள் ஆகியவற்றைக் காட்டி, ராம்ஸ்டைன் நாசிக் கால அழகியலை மீட்டெடுப்பதாக ஜெர்மன் ஊடகங்களில் ஒரு பகுதியினர் குற்றம்சாட்டினர். 1998இல் டெபெஷ் மோட் குழுவின் "ஸ்டிரிப்ட்" பாடலை ராம்ஸ்டைன் பாடி வெளியிட்டபோது, அதன் காணொளியில் லெனி ரீஃபென்ஷ்டால் இயக்கிய "ஒலிம்பியா" (1938) படத்தின் காட்சிகள் பயன்படுத்தப்பட்டன. 1936ஆம் ஆண்டின் பெர்லின் ஒலிம்பிக் போட்டியைப் பதிவு செய்த அப்படம் நாசி அரசின் ஆதரவுடன் எடுக்கப்பட்டதால் எதிர்ப்பு வலுத்தது. குழுவினர் தமக்கு அத்தகைய அரசியல் சார்பு இல்லை என்று மறுத்தனர். 2001இல் வெளியான "முட்டர்" தொகுப்பின் "லிங்க்ஸ் 2 3 4" என்ற பாடல் வழியாகத் தம் இதயம் இடப்பக்கமே துடிப்பதாகப் பொருள்படப் பதில் அளித்தனர்.

இக்குற்றச்சாட்டு பாடல்களின் சொற்களைவிட அவற்றின் ஒலியையும் காட்சியையும் சார்ந்தே எழுந்தது. ஜெர்மன் அறியாத நாடுகளில் சொற்கள் புரியாததால், ஒலி ஒன்றே பொருளாகக் கொள்ளப்படும் நிலை மேலும் மிகுந்தது.

கொலம்பைன் படுகொலை: 20 ஏப்ரல் 1999 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் நிகழ்ந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பின், அதனை நடத்திய மாணவர்கள் ராம்ஸ்டைன் இசையை விரும்பியவர்கள் என்ற செய்தி வெளியானது. மர்லின் மேன்சன் முதலிய பிற இசைக்கலைஞர்களும் அப்போது குற்றம்சாட்டப்பட்டனர். ராம்ஸ்டைன் குழுவினர் இரங்கல் தெரிவித்து, தம் பாடல்களிலோ கொள்கைகளிலோ அத்தகைய செயலைத் தூண்டக்கூடியது எதுவும் இல்லை என்று அறிக்கை வெளியிட்டனர்.

வூஸ்டர் கைது: சூன் 1999இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் "பியூக் டிஷ்" பாடலின்போது செய்த பாலியல் நடிப்புக்காக லிண்டெமனும் லோரன்ஸும் கைது செய்யப்பட்டனர். ஓர் இரவு காவலில் வைக்கப்பட்டபின் விடுவிக்கப்பட்டனர்.

பங்களித்தோர்

டில் லிண்டெமன்: குரல்
ரிச்சர்ட் கிருஸ்பே: கிட்டார்
பவுல் லாண்டர்ஸ்: கிட்டார்
ஒலிவர் ரீடல்: பேஸ் கிட்டார்
கிறிஸ்தோப் ஷ்னைடர்: டிரம்ஸ்
கிறிஸ்டியன் "ஃபிளாக்கே" லோரன்ஸ்: விசைப்பலகை, சாம்பிளர்
போபோ: "எங்கெல்" பாடலில் குரல்
யாக்கோப் ஹெல்னர்: தயாரிப்பு
ரொனால்ட் பிரென்ட்: ஒலிக்கலவை
காட்ஃபிரீட் ஹெல்ன்வைன்: அட்டைப்படம்

தாக்கம்

சேன்சுக்ட் வெளியாகும் வரை, உலகச் சந்தையை நோக்கிய ஜெர்மன் ராக் குழுக்கள் ஆங்கிலத்திலேயே பாடின. ஸ்கார்பியன்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1980களில் நேனா குழுவின் "99 லுஃப்ட்பலோன்ஸ்" பாடல் அமெரிக்காவில் ஜெர்மன் வடிவிலேயே வெற்றி பெற்றது. ஆனால் அது ஒரு தனிப்பாடலின் வெற்றி. சேன்சுக்ட் ஒரு முழுத் தொகுப்பாக, மொழியை மாற்றாமல் அவ்வெற்றியைப் பெற்றது. அதன்பின் வந்த தொகுப்புகளிலும் ராம்ஸ்டைன் ஜெர்மன் மொழியையே முதன்மையாகக் கொண்டது. குழுவில் ஆறு உறுப்பினர்களும் மாறாமல் தொடர்ந்தனர்.

தொகுப்பின் கால் நூற்றாண்டை ஒட்டி, ஒலி மேம்படுத்தப்பட்ட மீள்பதிப்பு 2023இல் வெளியானது. "ஷ்பீல் மிட் மியர்" பாடலின் புதிய ஒலிக்கலவை ஒன்றும் அதில் சேர்க்கப்பட்டது.